கார்த்திகை மழையில் உப்பு போட்ட தோல் காயவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

நாகை பறைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு நடந்து போற தூரத்துல இருக்கோம். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறை கத்துக்கொடுக்குறேன். பொங்கலுக்கு சில ஊர்கள்ல ஆட்டம் ஒத்துக்கிட்டிருக்கோம். பழைய பறைகள்ல பாதிக்கு மேல தோல் கிழிஞ்சு கிடக்கு. ஃபைபர் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. மழைக்கு அது சரிதான், ஆனா அந்தச் சத்தம் எனக்கு ஒத்து வரல. தோல் போட்ட பறையா விலைக்கு வாங்கவும் கட்டுப்படியாகல. அதனால நாமே தோல் தயார் பண்ணலாம்னு இறங்கியிருக்கோம்.

சின்னப் பிள்ளைகள் அடிக்கிற பறைக்கு ஆட்டுத்தோல், கறிக்கடை பாய்கிட்ட சொல்லிவச்சு வாங்கினது. பெரிய பறைக்குக் கன்னுத்தோல் ஒண்ணு தெரிஞ்சவங்க மூலமா வந்தது. கொழுப்பு, சவ்வு எல்லாம் சுரண்டி எடுத்துட்டு, வேதாரண்யத்துக் கல்லுப்பை இடிச்சு சதைப்பக்கம் அழுத்தித் தேச்சோம். ரெண்டு நாள் மடிச்சு வச்சு, தண்ணி வடிஞ்சதும் ஓலைக் கொட்டகைக்குள்ள மூங்கில் கட்டித் தொங்க விட்டோம். அதோட சரி, நின்னுபோச்சு.

ஒரு வாரத்துக்கு மேல ஆகுது. விடிஞ்சு போய்ப் பாத்தா தோல்ல முத்து முத்தா தண்ணி கோத்து நிக்குது, கீழ மண்ணுல சொட்டின தடம் இருக்கு. கூரை ஒழுகல, நல்லாப் பாத்துட்டேன். மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வந்தா மேல உப்புப் பூத்து மொறமொறன்னு ஆகுது. பொழுது சாய்ஞ்சா திரும்பவும் பிசுபிசுப்பு. ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன் ஓட விட்டுப் பாத்தோம், மறுநாள் இன்னும் மோசம்.

அழுகின நாத்தம் இல்ல. மயிரைப் பிடிச்சு இழுத்தா கழண்டு வரல. ஆனா ஒரு ஆட்டுத்தோல்ல சதைப்பக்கம் ரோஸ் கலர்ல திட்டு விழுந்திருக்கு. அது என்னன்னு தெரியல, பயமா இருக்கு.

இன்னும் உப்பு சேக்கணுமா? கொட்டகைக்குள்ள கரி அடுப்பு வைக்கலாமா? இல்ல மழை விடுற வரைக்கும் இப்படியே விட்டா தாங்குமா? தை பிறக்க அதிக நாள் இல்ல.

உறையூர்க்காரன்:

வெயில் அடிக்கிற அன்னைக்கு மொட்டைமாடியில தகரத்தைப் போட்டு அது மேல விரிச்சு விடுங்க. ஒரே நாள்ல அப்பளம் மாதிரி ஆயிடும். அதுக்கு முன்னாடி படிகாரத் தூள் தேச்சுக்குங்க, தோல் கெடாது.

அக்கரைப்பேட்டை:

அக்கா, தோலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கருவாட்டைப் பத்தித் தெரியும். இந்த மாசத்துல கொண்டல் காத்து அடிக்கும்போது உப்பு போட்ட வாளையோ சுறாவோ காயப் போட்டா நீங்க சொல்ற அதே கதைதான் நடக்கும். ராத்திரி பூரா தண்ணி கோத்து நிக்கும். ஃபேன் போட்டா ஈரக்காத்தை இன்னும் கொண்டாந்து கொட்டுற மாதிரி. எங்க வீட்டுல இந்த நாள்ல காயப் போடவே மாட்டாங்க. தொட்டியில உப்புத் தண்ணியிலயே கிடக்கும். வானம் வெளுத்து வெயில் நின்ன பிறகுதான் மணல்ல வலை விரிச்சுக் காய வைப்பாங்க. உப்பே போடாத நெத்திலிகூட ஒரு நல்ல வெயில்ல காஞ்சுடும், உப்பு ஏறினதுதான் அடம் பிடிக்கும்.

வாணியம்பாடி கிடங்கு:

அம்மா, முதல்ல நிம்மதியா இருங்க. மயிர் கழலல, நாத்தம் இல்லன்னா உங்க தோல் நல்லா இருக்கு. அது காயலங்கிறது குத்தமே இல்ல. எங்க கிடங்கில் உப்புத்தோலை யாரும் காய வைக்கிறதில்ல.

நான் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுற ஆலையில், பச்சைத்தோல் கிடங்கைப் பார்த்துக்கிட்டவன். ஓய்வு வாங்கி வருஷங்கள் ஆச்சு. எங்களுக்கு வர்ற ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் பெரும்பாலும் உப்பு போட்டு ஈரத்தோட அடுக்கி வந்ததுதான். சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியில் இருந்து வந்தாலும் சரி, வடக்கே இருந்து லாரியில் வந்தாலும் சரி, தொட்டா ஜில்லுன்னு ஈரமாத்தான் இருக்கும். அப்படியே மாசக்கணக்கில் கிடக்கும், கெடாது.

காரணம் இதுதான். உரிச்ச தோலில் நூத்துக்கு அறுபது, அறுபத்தஞ்சு பங்கு தண்ணீர். உப்பு அதில் கொஞ்சத்தை வெளியே இழுத்துவிடும். மிச்சம் நிக்கிற தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கி, அதுவும் இனிமேல் ஒரு கல் உப்பும் கரையாத அளவுக்குக் கரிச்சுப் போயிடும். அந்தத் தண்ணீரில் அழுகவைக்கிற கிருமி பெருகாது. தோலைக் காப்பாத்துறது வறட்சி இல்ல, அந்தக் கரிப்பு. அதனால்தான் நாங்க கிடங்கில் பார்க்கிறது "காஞ்சுதா" என்கிறதை இல்ல. "உப்பு தெரியுதா" என்கிறதைப் பார்ப்போம். தோலைப் பிரிச்சா சதைப்பக்கம் கரையாத உப்பு பரல் பரலாக் கண்ணுக்குத் தெரியணும். எல்லாம் கரைஞ்சு போயிருந்தா உப்பு பத்தலைன்னு அர்த்தம்.

மழைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள பிணக்கை நான் நல்லா அனுபவிச்சவன். பக்ரீத் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும் இல்லையா? 2009 முதல் 2012 வரைக்கும் அது நவம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை வந்தது. அசல் அடைமழைக் காலம். ஒரே நாளில் தோல் மலை மாதிரி வந்து குவியும், மதரசாவில் சேர்த்தது, சின்ன வியாபாரி தூக்கிட்டு வந்தது, சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்தது எல்லாம். கால் வைக்க இடம் இருக்காது. அப்பவும் ஒரு தோலைக்கூட நாங்க கொடியில் தொங்க விடல. செஞ்சது இவ்வளவுதான். ரத்தம் போக ஒரு தடவை அலசித் தண்ணீர் வடிய விடுவோம். தோல் எடையில் ஏறக்குறைய பாதி எடைக்கு உப்பு. உரிச்சு நாலஞ்சு மணி நேரத்துக்குள்ள உப்பு ஏறிடணும், அதில்தான் எல்லாம் இருக்கு. கழுத்து, வால் ஓரம், கால் மடிப்பு, இந்த இடத்தில் விரலால் அழுத்தித் தேய்க்கணும், சோம்பேறி ஆள் விடுறது அங்கேதான். சரிவான தரையில், சதைப்பக்கம் மேலே பார்க்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா தண்ணீர் தானா ஓடி வடியும். மறுநாள் அடுக்கைப் பிரிச்சு, அடியில் இருந்தது மேலே வர மாத்தி அடுக்கி, கரைஞ்ச இடத்தில் மட்டும் புது உப்பு. மேலே தார்ப்பாய் போட்டு மூடி, காத்து படாம வச்சிடுவோம். காத்து படக் கூடாது என்கிறதைக் கவனிங்க. நீங்க நேர்மாறாக் காத்தைத் தேடிப் போய்க்கிட்டு இருக்கீங்க.

உங்க கல்லுப்பு இன்னொரு கோளாறு. உப்பளத்துக் கச்சா உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருக்கும். அது சாதாரண உப்பைவிடப் பலமடங்கு பேராசையாக் காத்தில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழை நாளில் வீட்டு உப்பு ஜாடி அடியில் தண்ணீர் கோத்து நிக்குமே, அதேதான் இது. தோலில் ஏத்தக் கழுவின உப்பு நல்லது. ரவையைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். கல்லா இருந்தா உருண்டு விழுந்துடும், மாவா இருந்தா மேலே கட்டி பிடிச்சு உள்ளே இறங்காது.

ரோஸ் திட்டுக்கு வருவோம். அது உப்பிலேயே வாழுற கிருமி. உப்பளத்தில் தண்ணீர் சுண்டிப் பாத்தி ரோஸாத் தெரியுமே, பார்த்திருப்பீங்க, அதே ஜாதி. உங்க உப்போட கூடவே வந்தது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தா பரவும். இப்போதைக்குத் தோலுக்குச் சேதம் குறைவு, ஆனா விட்டா மத்த கிருமிக்கு வழி விட்டுடும், அப்புறம் மயிர் கழலும். அந்தத் தோலை மட்டும் தனியா எடுங்க. பழைய உப்பைத் தட்டிக் கொட்டுங்க, மறுபடி பயன்படுத்தாதீங்க. நல்ல உப்பைக் கரைச்ச தண்ணீரில் அலசிட்டுப் புது உப்பு ஏத்துங்க. புது உப்பில் நூத்துக்கு ரெண்டு பங்கு போரிக் ஆசிட் கலந்தா திரும்ப வராது. கெமிக்கல் கடையில் கேட்டு வாங்குங்க. கேரம் போர்டு பவுடர்னு விக்கிறது எல்லாமே போரிக் ஆசிடா இருக்கும்னு சொல்ல முடியாது.

தகரம் யோசனை சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்தை. ஈரத்தோல் அறுபது டிகிரிச் சூட்டைத் தாண்டினா சுருங்கிப் பசையாயிடும். தச்சர் ஒட்டுற வஜ்ஜிரம் அப்படிக் காய்ச்சி எடுக்கிறதுதான். வெயிலில் கிடந்த தகரம் அந்தச் சூட்டுக்கு லேசில் போகும். அந்த அளவுக்குப் போகாட்டியும் மேல்பக்கம் ஓடு பிடிச்சு உள்ளே ஈரம் மாட்டிக்கும், உள்ளேயே வேகும். படிகாரம் மயிரோட விரிப்பு செய்றவங்களுக்கு ஆகும். அது ஏறின தோல் மெத்துனு வளையும். பறைக்கு மெத்துனு இருந்தா என்ன பிரயோஜனம்?

ஆக, மூங்கிலில் இருந்து இறக்கி, உப்பு ஏத்தி, மூடி வைங்க. பறை கட்டப் போற வாரத்தில் உப்பை முழுசாக் கழுவி எடுத்துட்டு அப்புறம் காய வைங்க. உப்பு இல்லாத தோல் இந்த மழையிலும் காயும்.

ஏசி மெக்கானிக், கோவை:

பெரியவர் சொன்னதைக் கணக்கா சொல்றேன், எனக்கு இதுதான் வேலை.

காத்தில் ஈரப்பதம் 75 சதவீதம் என்கிறதுதான் உப்புக்கு எல்லைக்கோடு. அதுக்குக் கீழ இருந்தா ஈர உப்பு காயும். மேல போனா காஞ்ச உப்பு தண்ணி விடும். சுத்தமான உப்புக்கே இப்படி. அவர் சொன்ன மக்னீசியம் குளோரைடுக்கு அந்தக் கோடு 33 சதவீதத்துக்கிட்டயே இருக்கு, அதாவது நம்ம ஊர்ல எந்த மாசத்துலயும் அது ஈரம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கடலோரத்துல கார்த்திகை ராத்திரில ஈரப்பதம் தொண்ணூறுக்குப் பக்கம் போயிடும். நீங்க ராத்திரி ஃபேன் போட்டது தோலுக்குத் தண்ணி ஊட்டின மாதிரி. பகல்ல உப்புப் பூத்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த நேரம் ஈரப்பதம் கோட்டுக்குக் கீழ இறங்கியிருக்கு.

உப்பைக் கழுவின பிறகு காய வைக்கவும் கொஞ்சம் கணக்கு வேணும். ஒன்றரைக் கிலோ ஆட்டுத்தோல்ல ஒரு கிலோவுக்குக் கிட்ட தண்ணி இருக்கும். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா, 30 டிகிரி சூட்டுல அந்த ரூம் காத்து மொத்தமா பிடிச்சுக்கிற தண்ணியே சுமார் 850 கிராம்தான். அதுல ஏற்கெனவே 85 சதவீதம் நிறைஞ்சிருந்தா இன்னும் இடம் இருக்கிறது 125 கிராமுக்கு. அப்ப ரூமைப் பூட்டிட்டு உள்ள ஃபேன் சுத்தினா என்ன ஆகும்? ஒரு தோலோட தண்ணியில எட்டுல ஒரு பங்கு வெளிய வந்ததும் காத்து நிரம்பிடும், அப்புறம் ஃபேன் சும்மா சுத்தும். ஈரக்காத்து வெளிய போக வழி வேணும்.

சூடு உதவும், அளவா. வெளிக்காத்து 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம்னு வைங்க. அதே காத்தை 35 டிகிரிக்குச் சூடாக்கினா 54 சதவீதத்துக்கு இறங்கிடும். தண்ணி குறையல, காத்தோட கொள்ளளவு கூடுது. கீழ ஒரு சந்து வழியா காத்து உள்ள வந்து, சூடாகி, மேல எக்ஸாஸ்ட் வழியா போகணும். பழைய குண்டு பல்பு நாலு போட்டாலே சின்ன ரூமுக்குப் போதும். பல்பு தோலுக்குப் பக்கத்துல வேண்டாம்.

அந்தக் கரி அடுப்பு மட்டும் வேண்டாம் அக்கா. மூடின இடத்துல கரி எரிஞ்சா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிள்ளைங்க வந்து போற கொட்டகை அது.

யார் வீட்லயாவது ஏசி ரூம் கிடைச்சா டிரை மோடுல போட்டு ஒரு ராத்திரி விடுங்க, அதைவிட நல்ல வழி இல்ல. வீட்டுக்காரங்க சம்மதிக்கணும், அது உங்க பாடு. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்குது, ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. அறுபதுக்குக் கீழ இருக்கிற நேரம் பாத்து ஜன்னலைத் திறக்கலாம், மத்த நேரம் மூடி வச்சு பல்பும் எக்ஸாஸ்டும்.

தஞ்சை வார்ப்பிடி:

மிருதங்கம், தவில் கட்டுற குடும்பம். ரெண்டு பேரும் சொன்னது சரி. வாத்தியத்துக்கு ஆகுற விஷயத்தை நான் சேக்குறேன்.

எங்க வீட்டுல தோலுக்கு உப்பு போடவே மாட்டாங்க. தோல்ல உப்பு நின்னா நாதம் அடைச்சுக்கும். வெயில்ல கட்டி, நல்லா விறைச்சு நிக்கும், சாயங்காலம் கோயில்ல வாசிக்க உட்கார்ந்தா சொத்துனு இறங்கிடும். பறைக்கு இது இன்னும் மோசம். நெருப்புல காட்டிச் சூடேத்தினதும் கணீர்னு ஏறும், ரெண்டு அடவு ஆடி முடிக்கிறதுக்குள்ள பனி ஈரத்தைக் குடிச்சுத் தொய்யும். திரும்ப நெருப்பு, திரும்பத் தொய்வு. அப்படியே காட்டிக்காட்டி தோல் கருகிப்போன பறை நான் பாத்திருக்கேன்.

அதனால முழுசாக் கழுவணும்னு ஐயா சொன்னாரே, அந்த "முழுசா" தான் உங்க வேலையில முக்கால்வாசி. முதல்ல தட்டி உதறி, உதிர்ற உப்பை எல்லாம் வெளிய எடுங்க. பெரிய டிரம்ல நல்ல தண்ணியில போடுங்க, உங்க ஊர்ல போர் தண்ணியே உப்பு கரிக்கும், அது ஆகாது. முதல் தண்ணியை ஒரு மணி நேரத்துல கொட்டிடுங்க, அதுலதான் நிறைய இறங்கும். அப்புறம் மாத்தி மாத்தி அலசணும். உப்பு போனதும் தோலுக்குக் காவல் போச்சு, அதனால காலையில ஆரம்பிச்சா பொழுதுக்குள்ள முடிங்க. முடியலன்னா கடைசித் தண்ணியில ஐஸ் போடுங்க, உங்க பக்கம் ஐஸுக்கா பஞ்சம்.

உப்பு போச்சான்னு எப்படித் தெரியும்? குடிதண்ணி பாக்குற டிடிஎஸ் மீட்டர் இருக்கே, அதை வச்சு நீங்க ஊத்துற தண்ணியையும் அலசி எடுத்த தண்ணியையும் பாருங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா வந்தா போதும். மீட்டர் இல்லன்னா தோல் ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக் காய வச்சு, ராத்திரி வெளிய வையுங்க. விடிஞ்சு பிசுபிசுன்னா இன்னும் அலசணும்.

அடுத்தது மயிர். சுண்ணாம்பைக் குழம்பாக் கரைச்சு சதைப்பக்கம் பூசி மடிச்சு வச்சா ரெண்டு மூணு நாள்ல மயிர் வழிச்சா வரும். கையில உறை போட்டுக்குங்க, சுண்ணாம்பு தோலைத் தின்னுடும், உங்க தோலைத்தான் சொல்றேன். அப்புறம் சுண்ணாம்பு வழவழப்பு போற வரைக்கும் திரும்ப அலசணும்.

காய வைக்கிறதுக்குத் தொங்கப் போடாதீங்க. மூங்கில் சட்டம் கட்டி, ஓரம் பூரா துளை போட்டு, நாலாபக்கமும் கயித்தால இழுத்துக் கட்டுங்க. மடிப்பு இருந்தா மடிப்புக்குள்ளதான் அழுகும். ரெண்டு பக்கமும் காத்து போகணும். முதல் நாள் லேசான இழுப்பு, காயக் காய முடுக்கணும். ஆரம்பத்துலயே வம்பா இழுத்தா காயும்போது துளை கிழியும்.

அவசரம்னா சட்டமே வேண்டாம். ஈரத்தோலையே நேரா பறைக் கட்டையில புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி, கட்டையிலயே காய விடலாம், உங்க ஆளுங்க செய்யறதே அப்படித்தானே. இந்த மழைக்குப் பசை பூஞ்சை பிடிக்கும். பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டா பிடிக்காது, புஸ்தகம் பைண்டிங் பண்றவங்க போடுறதுதான். விஷம், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை. எங்க அப்பா காலத்துல இருந்து தோல் பிடிக்கிறது மாசி, பங்குனி, சித்திரையிலதான். நிழல்ல காய வச்சு, விறைப்பா நிமித்தி, நடுநடுவுல வேப்பிலை போட்டு உத்திரத்துல அடுக்கிடுவாங்க. வருஷம் பூராவுக்கும் அதுதான். தோல் வண்டு வராம அப்பப்ப எடுத்துத் தட்டிப் பாக்கணும்.

உறையூர்க்காரன்:

உப்பு இல்லாம காய வச்சா வண்டு அரிச்சுடாதா? அதுக்குத்தானே உப்பு?

வாணியம்பாடி கிடங்கு:

இல்ல தம்பி. உப்பு கிருமிக்கு. வண்டு காஞ்ச தோலுக்குத்தான் வரும், அதுக்கு வேப்பிலையும் கண்காணிப்பும்தான். ரெண்டும் வேற வேற எதிரி.

நாகை பறைக்காரி:

ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி. நேத்தே மூங்கில்ல இருந்து இறக்கிட்டோம். கழுவின உப்பு கிடைச்சது, ஏத்தி, பலகையைச் சாய்ச்சு வச்சு அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டாச்சு. ஒரு ராத்திரியில அடியில வடிஞ்ச தண்ணியைப் பாத்து அசந்துபோயிட்டேன், இவ்வளவையும் காத்துல காய வச்சிருப்போமா? ரோஸ் திட்டு தோலைத் தனியாப் பிரிச்சு நீங்க சொன்னபடி செஞ்சிருக்கேன்.

ஏசி ரூமுக்கு எங்க குழுவுல ஒரு தோழரோட அக்கா வீட்டுல கேட்டோம். தோல்னு சொன்னதும் அந்தம்மா கதவைச் சாத்திடுச்சு. அதனால பல்பும் எக்ஸாஸ்டும்தான்.

மூணு சந்தேகம் பாக்கி. ஒண்ணு, கன்னுத்தோல் ஆட்டுத்தோலைவிடத் தடிப்பு, அதுக்கும் இதே நேரம் போதுமா? ரெண்டு, உப்பு கழுவின தண்ணியை எங்க ஊத்துறது? வீட்டுப் பின்னால தென்னை நிக்குது, தென்னைக்கு உப்பு நல்லதுன்னு ஆத்தா சொல்றாங்க. மூணு, அந்தக் கன்னு எப்படிச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சதைப்பக்கம் சுரண்டினது முழுக்க நான்தான், வெறுங்கையால.

வாணியம்பாடி கிடங்கு:

மூணாவதை முதல்ல சொல்றேன். தோல் கொடுத்தவங்களுக்குப் போன் போட்டு அந்தக் கன்னு அறுத்ததா, தானா செத்ததான்னு இன்னைக்கே கேளுங்க. திடீர்னு செத்த மாடு, மூக்கிலயோ ஆசனத்திலயோ ரத்தம் வந்து செத்த மாடுன்னா அந்தத் தோலை யாரும் தொடக் கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அது மனுஷனுக்கும் வரும், அந்தக் கிருமியின் விதை உப்புக்கும் சாகாது, சுண்ணாம்புக்கும் லேசில் சாகாது. அப்படி இருந்தா கால்நடை மருத்துவர்கிட்ட சொல்லுங்க, என்ன செய்யணும்னு அவங்க சொல்வாங்க. உங்க கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் வேலை செஞ்சதையும் சேர்த்துச் சொல்லணும். கசாப்புக்கடையில் நல்லா இருந்து அறுத்த கன்னுன்னா இந்தப் பயம் ரொம்பக் குறைவு. எதுவானாலும் இனிமே ரப்பர் கையுறை இல்லாம பச்சைத்தோலைத் தொடாதீங்க. எங்க ஷாப்பில் பழைய ஆளுங்க உறை போட மாட்டாங்க, வீரம்னு நினைப்பு. கையில் வெடிப்பும் புண்ணும் ஆறாம திரிஞ்சவங்களும் அவங்கதான்.

தடிப்புத் தோலுக்கு நேரம் கூடும். கன்னுத்தோலுக்கு உப்பு உள்ளே இறங்கவே இன்னும் சில நாள் வேணும், கழுவவும் அதிகத் தண்ணீர் போகும். ஆட்டுத்தோலை முதல்ல முடிங்க. அதில் கை பழகினதும் கன்னை எடுங்க. கழுத்துப் பக்கம்தான் தடிப்பு அதிகம். அந்த இடத்தில் கிள்ளிப் பார்த்து ஈரம் தெரிஞ்சா இன்னும் காயலை, மத்த இடம் விறைச்சிருந்தாலும் நம்பாதீங்க.

தண்ணீர் விஷயம். தட்டி உதறின உப்பைத் தண்ணீரில் கரைய விடாம வாரி எடுத்துத் தனியா வைங்க. ஷாப்புகளிலும் இப்ப தோலை ஊறப் போடுறதுக்கு முன்னாடி உப்பைத் தட்டி எடுக்கச் சொல்றாங்க. காரணம் எங்க பாலாறு. ஊறல் தண்ணீரில் போன உப்பு ஆத்து மணலுக்குள்ள இறங்கி, கிணறு கிணறாக் கரிச்சுப் போச்சு. வேலூர் மாவட்டத்து மக்கள் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சுத்திகரிப்பு இல்லாத ஷாப்புகளை மூட வச்சாங்க. சம்பளம் போன கோபம் அன்னைக்கு எனக்கும் இருந்தது, குடிதண்ணீரைக் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கினதும் நானேதான்.

தென்னை கொஞ்சம் உப்புத் தாங்கும், ஆத்தா சொல்றது பொய்யில்ல. ஆனா அது பிடி உப்பு. நீங்க ஊத்தப் போறது அத்தனை தோலின் உப்பும், ரத்தமும், கொழுப்பும் கலந்தது. பக்கத்தில் அடிபம்போ கிணறோ இருந்தா அங்கே ஊத்தவே கூடாது. உப்பு முழுக்கத் தட்டி எடுத்துட்டா முதல் ரெண்டு தண்ணீர்தான் கரிக்கும். அதை மட்டும் தனியாப் பிடிச்சு, மழை விட்டதும் பழைய பிளாஸ்டிக் தொட்டியில் ஊத்தி வெயிலில் சுண்ட விட்டு, அடியில் நிக்கிற உப்பை வழிச்சுப் போடுங்க. அது வரைக்கும் மூடி வைங்க, கொசு வராட்டியும் ஈ வரும். மிச்சத் தண்ணீரைத் தென்னைக்கு ஊத்தலாம். சுண்ணாம்புத் தண்ணீரைத் தென்னைக்குக்கூட வேண்டாம், தெளிய விட்டு மேல் தண்ணீரைச் சாக்கடையில் விடுங்க.

நாகை பறைக்காரி:

கேட்டுட்டேன் ஐயா. கடையில அறுத்த கன்னுதான், வாங்கினவரே பக்கத்துல நின்னிருக்கார். கையுறை வாங்கியாச்சு.

ஏசி மெக்கானிக், கோவை:

எக்ஸாஸ்ட் ஃபேனை மேல மாட்டும்போது காத்து வெளிய தள்ளுற பக்கம் பாத்து மாட்டுங்க. அம்புக்குறி உடம்புலயே போட்டிருக்கும். பாதிப் பேர் திருப்பி மாட்டிட்டு எனக்குப் போன் பண்றாங்க.